பட்டுப்பாதை இசைக்குழு: பல மரபுகள் ஒரே மேடையில் அமரும் விதம்

பல நாடுகளின் மரபிசையை வழங்கும் குழுக்கள் பொதுவாக இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்கின்றன. ஒரே பண்பாட்டில் வளர்ந்த கலைஞர்கள் பிற நாட்டுப் பாடல்களையும் ஆடல்களையும் தாங்களே பயின்று வழங்குவது முதல் வழி. இதில் குழுவின் ஒருமை எளிதில் கைகூடும், ஆனால் எந்த மரபும் அதில் பிறந்தவரின் அழுத்தத்தோடு ஒலிக்காது. ஒவ்வொரு மரபிலும் ஊறிய கலைஞரை அவரவர் கருவியோடு வரவழைத்து ஒன்றாக அமரச் செய்வது இரண்டாம் வழி. இதில் ஆழம் உறுதியாகக் கிடைக்கும், ஒருமைதான் உழைத்துப் பெற வேண்டியதாகிவிடும். செல்லோ கலைஞர் யோ-யோ மா 1998-இல் தொடங்கிய பட்டுப்பாதைத் திட்டமும், அதிலிருந்து 2000-இல் உருவான பட்டுப்பாதை இசைக்குழுவும் இரண்டாம் வழியைத் தேர்ந்தவை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து இயங்கி, தலைமை மாறிய பின்னும் நிலைத்திருப்பதால், இந்த வழியின் பலத்தையும் பலவீனத்தையும் ஆராய இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

சுருதி, தாளம், இசையை எழுதும் முறை ஆகிய மூன்றிலும் ஒன்றோடொன்று பொருந்தாத மரபுகள் ஒரு மேடைக்கு வரும்போது யார் எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதே இந்த ஆய்வின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இக்குழுவின் சிறந்த படைப்புகள், எந்த மரபு எதை விட்டுக்கொடுக்க முடியாதோ அதை முதலில் கண்டறிந்து, மற்றவற்றை அதைச் சுற்றி அமைத்தவை. சோர்ந்துபோன படைப்புகளில் எல்லா மரபுகளும் சமமாக விட்டுக்கொடுத்திருக்கின்றன. கேட்பதற்கு அவை இனிமையாகவே இருக்கின்றன. ஆனால் எந்தக் கலைஞர் இல்லாவிட்டாலும் அவை ஏறத்தாழ அப்படியே இருந்திருக்கும்.

பின்னணி

யோ-யோ மா 1955-இல் பாரிஸ் நகரில் சீனப் பெற்றோருக்குப் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, மேற்கத்தியச் செவ்வியல் இசையில் பெயர் பெற்றவர். திட்டத்தின் தொடக்கக் காலத்தில் நிர்வாகப் பொறுப்பை ஏற்ற தியோடர் லெவின், மத்திய ஆசிய இசையை நெடுங்காலம் களத்தில் ஆராய்ந்த இனஇசையியல் அறிஞர். இந்தச் சேர்க்கையை முக்கியமானதாகக் கருதுகிறேன். புகழ்பெற்ற செவ்வியல் கலைஞர் ஒருவர் தாமாகவே கிழக்கு நோக்கிப் புறப்பட்டிருந்தால், தலைநகரங்களின் இசைக்கல்லூரிகளில் பயின்றவர்களோடு அந்தப் பயணம் நின்றிருக்கக்கூடும். எந்த ஊரில் எந்தப் பாடகர் இருக்கிறார், யார் யாரிடம் கற்றார் என்பதை அறிந்த ஒருவர் உடனிருந்ததால் தேடல் அதற்கு அப்பாலும் சென்றது.

2000-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள டேங்கிள்வுட்டில் ஏறத்தாழ அறுபது இசைக்கலைஞர்களும் இசையமைப்பாளர்களும் ஒரு பட்டறையில் கூடினர். வில்லால் இசைக்கும் கமான்சே என்ற நரம்புக்கருவியின் கலைஞரான ஈரானின் கெய்ஹான் கல்ஹோர், பிப்பா என்ற நரம்புக்கருவியின் கலைஞரான சீனாவின் வூ மான், பனாரஸ் கரானா என்ற இசைப்பரம்பரையைச் சேர்ந்த கிஷன் மகாராஜின் சீடரான தபலா கலைஞர் சந்தீப் தாஸ் போன்றோர் குழுவின் தொடக்கக் காலத்திலிருந்தே அதன் முதுகெலும்பாக விளங்கினர். அஜர்பைஜானின் ஃபிராங்கிஸ் அலிஜாதே, மங்கோலியாவின் பியாம்பாசுரென் ஷாரவ், சீனாவின் ஜாவோ ஜிபிங் ஆகிய இசையமைப்பாளர்கள் முதல் கட்டப் படைப்புகளைத் தந்தனர். பழைய பாடல்களைத் தொகுத்து வழங்குவதோடு நிற்காமல் மரபுக் கருவிகளுக்கெனப் புதிய படைப்புகளை எழுதச் சொல்லிப் பெறுவது என்ற கொள்கை இங்கேயே உறுதிப்பட்டது.

குழு முதன்முதலாகப் பயணம் புறப்பட்ட 2001-ஆம் ஆண்டிலேயே செப்டம்பர் 11 தாக்குதல் நிகழ்ந்தது. ஈரானியரும் மத்திய ஆசியரும் சீனரும் சேர்ந்த ஒரு குழுவை அமெரிக்காவில் தொடர்ந்து நடத்துவதா என்ற கேள்வி அப்போது எழுந்தது. தொடர்வது என்ற முடிவே வென்றது. அடுத்த ஆண்டு, 1967 முதல் வாஷிங்டனில் நடந்துவரும் ஸ்மித்சோனியன் நாட்டார் வாழ்வியல் விழா முழுவதும் பட்டுப்பாதைக்கே ஒதுக்கப்பட்டது. ஏறத்தாழ 400 கலைஞர்களும் கைவினைஞர்களும் கலந்துகொண்ட அந்த விழாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து சென்றனர். இசைக்குழு அந்தப் பெருங்கூட்டத்தில் ஒரு பகுதி மட்டுமே. எனினும் நெசவாளர்களும் குயவர்களும் சமையற்கலைஞர்களும் சூழ்ந்த இடத்தில் இசைக்க நேர்ந்தது, குழுவின் நோக்கம் கச்சேரி மண்டபத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதை அனைவருக்கும் காட்டியது.

சுருதியின் சிக்கல்

இக்கருவிகள் ஒன்றுக்கொன்று முற்றிலும் அந்நியமானவை அல்ல. பாரசீகத்தின் பர்பத், அரபுலகின் ஊத், சீனத்தின் பிப்பா, ஜப்பானின் பிவா, ஐரோப்பாவின் லூட் ஆகிய நரம்புக்கருவிகள் ஒரே பெருங்குடும்பத்தின் கிளைகளாக அறியப்படுகின்றன. ஜப்பானின் நாரா நகரில் ஷோசோயின் கருவூலத்தில் பாதுகாக்கப்படும் எட்டாம் நூற்றாண்டு ஐந்து நரம்பு பிவாவின் உடலில், ஒட்டகத்தின் மேல் அமர்ந்து இசைக்கும் மனிதரின் உருவம் சிப்பியில் பதிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் உறவு மிகப் பழமையானது. ஒவ்வொரு கிளையும் அதற்குப் பின் ஆயிரம் ஆண்டுகள் தன் போக்கில் வளர்ந்துவிட்டது. ஒத்திகை அறையில் அந்த ஆயிரம் ஆண்டுகள்தான் எதிர்ப்படுகின்றன.

பாரசீக இசையில் அரைச் சுரத்துக்கும் முழுச் சுரத்துக்கும் இடைப்பட்ட, ஏறத்தாழ முக்கால் சுர அளவுள்ள இடைவெளிகள் அடிப்படையானவை. மேற்கத்திய சம இடைவெளிச் சுருதி முறையில் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சமமான படிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு படியும் 100 சென்ட். பாரசீகச் சுரங்கள் பல 130-க்கும் 160-க்கும் இடையில் எங்கோ அமர்கின்றன, அதுவும் பாடகருக்குப் பாடகர், தஸ்த்கா என்ற பாரசீக இராகத் தொகுதிக்குத் தொகுதி சிறிது மாறியே அமர்கின்றன. கமகத்தில் பழகிய நம் காதுக்கு இது புதிதன்று. ஒரே காந்தாரம் இரண்டு இராகங்களில் இரண்டு இடங்களில் நிற்பதை நாம் அன்றாடம் கேட்கிறோம். ஆனால் நம் கச்சேரியில் பக்கவாத்தியம் வாசிப்பவரும் அதே மரபில் வந்தவர். இங்கே பக்கத்தில் இருப்பது பியானோவாகவோ அக்கார்டியனாகவோ இருக்கலாம். அந்த இடைவெளிகளைத் தொடும் வழியே அவற்றுக்கு இல்லை.

எனவே எந்தக் கருவி எவ்வளவு நெகிழும் என்பதே குழுவின் எல்லா ஏற்பாடுகளுக்கும் தொடக்கப்புள்ளியாகிறது. கமான்சேவில் வீணையில் உள்ளதுபோல் சுர இடங்களைக் குறிக்கும் மெட்டுகள் கிடையாது. விரல் விரும்பிய இடத்தில் நிற்கும். கல்ஹோர் வாசிப்பதைப் பார்க்கும்போது ஒரு விவரம் கண்ணில் படும்: நரம்பு மாற வேண்டிய இடத்தில் அவருடைய வில் அதே கோணத்திலேயே செல்கிறது, கருவிதான் தன் அடிக்கூரின் மேல் சிறிது திரும்பி உரிய நரம்பை வில்லுக்கு எதிரே கொண்டுவருகிறது. வயலின் கலைஞர் பல ஆண்டுகள் உழைத்துக் கற்கும் வலக்கைக் கோணங்கள் இதில் இடக்கையின் வேலையாகிவிடுகின்றன. ஆகவே வயலினும் கமான்சேவும் ஒரே மெல்லிசையை ஒன்றாக வாசிக்கும்போதும், அழுத்தங்கள் ஒரே இடத்தில் இயல்பாக விழுவதில்லை. ஒருவரை ஒருவர் நெடுநேரம் கேட்டால்தான் அது கூடிவரும்.

ஷாகுஹாச்சி இன்னொரு வகையில் நெகிழ்வானது. ஐந்தே துளைகள் உள்ள மூங்கில் குழலில், வாசிப்பவர் தலையைத் தாழ்த்தியும் உயர்த்தியும் சுருதியைக் கீழும் மேலும் நகர்த்துகிறார். கொஜிரோ உமேசாகி போன்ற கலைஞருக்கு பாரசீகச் சுரத்தை நெருங்குவது எளிது. பிப்பாவின் இன்றைய மெட்டுகள் சம இடைவெளி முறையில் அமைந்தவையானாலும், நரம்பைத் தள்ளி இழுத்துச் சுரத்தை வளைக்க முடியும். ஷெங் வளையவே வளையாது. மூங்கில் குழல்கள் பல ஒரு கிண்ணத்தில் செருகப்பட்ட அந்தச் சீனக் கருவியில் ஒவ்வொரு குழலுக்கும் ஒரு நாக்கு உண்டு. மூச்சை விடும்போதும் இழுக்கும்போதும் அது ஒலிக்கும், ஒரே நேரத்தில் பல சுரங்கள் ஒலிக்கும், ஆனால் ஒவ்வொன்றும் தான் வார்க்கப்பட்ட இடத்திலேயே நிற்கும்.

எல்லாவற்றிலும் பிடிவாதமானது, ஸ்பெயினின் கலீசியப் பகுதியிலிருந்து கிறிஸ்டினா பாட்டோ கொண்டுவந்த கைதா என்ற துருத்திக்குழல். அக்குளில் இடுக்கிய பையிலிருந்து காற்று இடையறாது செல்வதால் அதில் ஒலி நிற்பதில்லை. மெல்லென்றோ வல்லென்றோ ஒலியளவை மாற்றவும் முடியாது. தோளின் மேல் கிடக்கும் சுருதிக்குழல் முழு நேரமும் ஆதார சுருதியை ஒலித்துக்கொண்டே இருக்கும். ஒரே சுரத்தை இருமுறை வாசிக்க வேண்டுமானால், இடையில் ஓர் அலங்காரச் சுரத்தை நுழைத்தே பிரிக்க வேண்டும். இத்தகைய கருவி மேடைக்கு வந்ததும் அந்தப் படைப்பின் சுருதி முடிவாகிவிடுகிறது. தபலாவின் வலப்பக்கத்தை அந்தச் சுருதிக்குத் தட்டி ஏற்றிக்கொள்ள வேண்டும். செல்லோவும் வயலின்களும் கைதாவின் உரப்புக்கு ஈடுகொடுக்கும் ஒலிப்பகுதியைத் தேட வேண்டும். பாடகர் இருந்தால் அவர் தன் இயல்பான இடத்தை இழக்கக்கூடும். பாட்டோ பியானோவும் வாசிப்பவராதலால் இந்த வரம்புகளை வெளியிலிருந்தும் பார்க்கத் தெரிந்தவர். கைதாவைப் பின்னணி நிறமாக வைத்துக்கொள்ளாமல், அது நுழையும் இடத்தில் படைப்பு முழுவதும் அதன் பக்கம் சாயும்படி ஏற்பாடுகள் அமைந்தபோதுதான் அதன் ஆற்றல் வெளிப்பட்டது.

கர்நாடக இசை வயலினை ஏற்ற விதத்தோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் கையில் எடுத்த அந்த ஐரோப்பியக் கருவியின் நரம்புகள் ச-ப-ச-ப என்று மாற்றிக் கட்டப்பட்டன. கலைஞர் தரையில் அமர்ந்து அதன் தலையைப் பாதத்தில் ஊன்றினார். சில தலைமுறைகளில் அது முழுமையாக நம் மரபின் குரலாகிவிட்டது. அங்கே ஒரு மரபு மற்றொன்றின் கருவியைத் தனதாக்கிக்கொண்டது. பட்டுப்பாதைக் குழுவில் யாரும் யாரையும் தனதாக்கிக்கொள்ள முடியாது. ஒவ்வொரு கருவியும் தன் நரம்புக் கட்டுடனும் தன் அமர்வுடனும் வந்து, நிகழ்ச்சி முடிந்ததும் அப்படியே திரும்பிச் செல்ல வேண்டும். இந்த நிபந்தனைதான் வேலையைக் கடினமாக்குகிறது, மதிப்புள்ளதாகவும் ஆக்குகிறது.

தாளமும் தாளமின்மையும்

சுருதியைவிடத் தாளச் சிக்கல் எளிது என்றே நினைக்கத் தோன்றும். பதினாறு மாத்திரை தீன்தாலையும் பால்கன் நாடுகளின் ஏழடி ஆடல் தாளத்தையும் கைதேர்ந்த தாளக்கலைஞர்கள் சில நாட்களில் தம்முள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். எண்ணிக்கை எல்லாருக்கும் பொதுவானது. தாளமே இல்லாத இசை வரும்போதுதான் உண்மையான சோதனை. பாரசீகப் பாடல்முறையான ஆவாஸ், மங்கோலிய நீள்பாட்டு, ‘முகாம்’ எனப்படும் அஜர்பைஜானின் மரபிசை ஆகியவற்றின் முக்கியப் பகுதிகள் அடிகளை எண்ணிச் செல்வதில்லை. நம் ஆலாபனையைப் போல மூச்சும் சொல்லும் உணர்வும் நடத்திச் செல்பவை. மங்கோலிய நீள்பாட்டில் ஒவ்வோர் அசையும் நீண்டு விரிவதால், சில நிமிடப் பாடலில் பத்துச் சொற்களே இருக்கக்கூடும். தாள்பார்த்து வாசிக்கும் மேற்கத்தியக் கலைஞருக்கு, எண்ண எதுவும் இல்லாத இந்த வெளியில் எப்போது நுழைவது என்பதே தெரியாது.

ஷாரவ் எழுதிய ‘ஹெர்லனின் புராணம்’ இந்தச் சிக்கலுக்கு நேரான விடை தருகிறது. கன்பாத்தர் ஹொங்கொர்ஜுல் பாடும் நீள்பாட்டையும் குதிரைத்தலை பொறித்த ‘மோரின் கூர்’ என்ற இரு நரம்புக் கருவியையும் அவர் டிராம்போன், பியானோ, தாளக்கருவிகளோடு நிறுத்தினார். பாடகியின் வரி சுதந்திரமாக மிதக்கும் இடத்தில் கனத்த பித்தளைக் கருவிகள் அதை விரட்டிப் பிடிக்க முயல்வதில்லை. நிலப்பரப்புப் போல அடியில் கிடக்கின்றன. பாடகிக்கு ஒரு மாத்திரையைக்கூட எண்ண வேண்டிய கட்டாயம் ஏற்படவில்லை. மேற்கத்தியப் பக்கமே தன் எண்ணும் பழக்கத்தைத் தளர்த்திக்கொண்டது. குழுவின் தொடக்கக் காலப் படைப்புகளில் இதையே முதன்மையானதாகக் கருதுகிறேன். யார் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு இதில் கிடைத்த தெளிவு பின்னாளைய படைப்புகள் பலவற்றில் கிடைக்கவில்லை.

லைலியும் மஜ்னுனும்

குழுவின் வேலைமுறையை மிக அருகில் நின்று பார்க்க உதவுவது ‘லைலியும் மஜ்னுனும்’. அஜர்பைஜானின் இசையமைப்பாளர் உசேயிர் ஹாஜிபெயோவ் இளம் வயதில் இயற்றி, 1908-இல் பாக்கு நகரில் மேடையேற்றிய இசைநாடகம் அது. இஸ்லாமிய உலகில் எழுந்த முதல் ஆபெரா என்று அது கருதப்படுகிறது. இரண்டு இசைமுறைகளை ஒன்றையொன்று அழிக்காமல் பக்கம்பக்கமாக வைக்க ஹாஜிபெயோவ் அன்றே ஒரு வழியைக் கண்டிருந்தார்: இசைக்குழுவும் சேர்ந்திசையும் எழுதப்பட்ட தாளைப் பின்பற்றின, தலைமைப் பாடகர்களின் பகுதிகளுக்குச் சுரங்களை எழுதாமல் எந்த முகாமில் பாட வேண்டும் என்பதை மட்டும் குறித்து, மீதியைப் பாடகரின் மனோதர்மத்துக்கு விட்டார். நூறாண்டுகளுக்குப் பிறகு பட்டுப்பாதைக் குழு எதிர்கொண்ட கேள்வியை அவர் முன்பே எதிர்கொண்டிருக்கிறார் என்பதால், குழு இந்த நாடகத்தைத் தேர்ந்தது பொருத்தமே.

மூன்று மணி நேரம் அளவில் நீளும் நாடகம் ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட சிறுகுழுப் படைப்பாகச் சுருக்கப்பட்டது. இந்த வடிவத்தை முகாம் பாடகர் அலீம் காசிமோவும், குழுவின் வயலின் கலைஞர்களான ஜானி கேண்டல்ஸ்மனும் காலின் ஜேக்கப்சனும் சேர்ந்து அமைத்தனர். மஜ்னுனாக அலீம் காசிமோவும் லைலியாக அவருடைய மகள் ஃபர்கானா காசிமோவாவும் பாடினர். தந்தையும் மகளும் காதலர்களின் பாத்திரங்களைப் பாடுவது கேட்பவருக்கு முதலில் வியப்பளிக்கலாம்; முகாமில் குரல் பாத்திரத்தை நடிப்பதைவிட அதன் துயரத்தை ஏந்துவதே முதன்மையானது என்பதால், சிறிது நேரத்தில் அந்த வியப்பு நீங்கிவிடுகிறது.

இந்தப் படைப்பில் நரம்புக்கருவிக் கலைஞர்களின் பொறுப்பே தலைகீழாகிறது. பாடகர் ஒரு வரியை எவ்வளவு நேரம் நீட்டுவார், எந்த உச்சத்துக்கு ஏறுவார் என்பது தாளில் இல்லை. அவருடைய மூச்சையும் கையையும் முகத்தையும் பார்த்துத்தான் அறிய வேண்டும். ஆதார சுரத்தைத் தாங்கி நிற்கும் செல்லோவும் பேஸும் அவர் அடுத்த தளத்துக்கு நகரும் நொடியில் தாமும் நகர வேண்டும். அரை நொடி முந்தினால் பாடகரைத் தள்ளியதாகும், பிந்தினால் அவர் காலூன்ற நிலமின்றி நிற்பார். தபலாவோ மிருதங்கமோ வாசிக்கும் பக்கவாத்தியக்காரர் சிறுவயதிலிருந்து பழகும் கலை இது. மேற்கத்தியப் பயிற்சியில் இதற்குத் தனிப் பாடம் இல்லை. கண்ணை இசைத்தாளிலிருந்து எடுத்துப் பாடகர் மீது வைக்கக் கற்ற இந்த மாற்றத்தைத்தான் குழுவின் பெரும் சாதனையாக மதிக்கிறேன். 2016-இல் நடன ஆசிரியர் மார்க் மோரிஸ் இதற்கு நடனம் அமைத்தபோது, பாடகர்கள் மேடையின் நடுவிலேயே அமர்ந்திருக்க, நடனக்கலைஞர்கள் அவர்களைச் சுற்றி இயங்கினார்கள்; நடனமும் பாடகருக்கே பணிந்தது.

யாருடைய மேடை

இக்குழுவின் மீது எழும் விமரிசனங்களுள் இரண்டு எடைபோட்டுப் பார்க்க வேண்டியவை. முதலாவது, அதிகாரம் பற்றியது. அலுவலகம் அமெரிக்காவில், நன்கொடையாளர்களும் ஒலிப்பதிவு நிறுவனங்களும் பெரும்பாலும் அங்கேயே, அரங்கை நிரப்பியது நெடுங்காலம் யோ-யோ மாவின் பெயர். ஒரு மங்கோலியப் பாடகி எந்தப் பாடலைப் பாடுவார், எத்தனை நிமிடம் பாடுவார் என்பதை இறுதியில் கச்சேரியின் நீளமும் ஒலித்தட்டின் நீளமும் தீர்மானிக்கின்றன. ஒரு முகாமை முழுமையாக விரிக்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் தேவைப்படலாம். பல மரபுகள் பங்கிடும் மாலையில் அந்த நேரம் யாருக்கும் கிடைக்காது. இதற்கு விடையாக குழு சொல்லக்கூடியது எதுவும் எனக்கு முழு நிறைவளிக்கவில்லை. கூட்டுமேடை எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் அது முழு மரபின் மாதிரிதான். கேட்பவர் அங்கிருந்து முழுக் கச்சேரிக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாவது விமரிசனம், தம் மரபை நீர்த்துப்போகச் செய்கிறார்கள் என்று கலைஞர்களை நோக்கி அவரவர் ஊரிலிருந்தே எழுவது. கலீசியாவில் பாட்டோவும் இதைச் சந்தித்தார். இதில் குழுவின் பக்கமே நியாயம் கூடுதல் என்பது என் கணிப்பு. கலைஞர்கள் குழுவுக்கு வெளியே செய்த பணியே இதற்குச் சான்று. ஹாங்ஜோவில் 1963-இல் பிறந்து பீஜிங்கில் பயின்று 1990-இல் அமெரிக்காவில் குடியேறிய வூ மான், பட்டுப்பாதை மேடைகளில் பெயர் பெற்ற பின் தன் நாட்டின் கிராமங்களுக்குத் திரும்பிச் சென்றார். ஷான்சி மாநிலத்தின் ஹுவாயின் பகுதியில் தோற்பாவைக்கூத்துக்குப் பாடி இசைக்கும் ஜாங் குடும்பத்தாரைக் கண்டு, 2009-இல் அவர்களை அமெரிக்க மேடைகளுக்கு அழைத்துவந்தார். ஒருவர் மரப்பலகையை ஓங்கி அடித்துத் தாளமிட, முதியவர்கள் தொண்டை கிழியப் பாடும் அந்த இசை, இசைக்கல்லூரியின் மெருகேறிய பிப்பாவிலிருந்து வெகு தொலைவில் இருப்பது. பல நாட்டவரோடு வாசித்த அனுபவமே அவரைத் தன் ஊரின் கரடுமுரடான இசையை நோக்கித் திருப்பியது.

கல்ஹோரின் ‘மௌன நகரம்’ குறித்தும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். குர்தியக் குடும்பத்தில் பிறந்த அவர், 1988-இல் வேதிக்குண்டுகளால் அழிக்கப்பட்ட, ஈராக்கிலுள்ள ஹலப்ஜா நகரின் நினைவாக இதை அமைத்தார். நரம்புக்கருவிகள் கேட்டும் கேளாததுமாகத் தொடங்கி, நெடுநேரம் உருவமற்ற ஒலியாகவே தவழ்ந்து, பிறகே கமான்சே தனித்து எழுகிறது. இறுதியில் மட்டுமே உறுதியான தாளம் பிறக்கிறது. தொடக்கப் பகுதியில் பெரிதும் கலைஞர்களின் செவிக்கே இடமளிக்கப்பட்டிருக்கிறது. ஒருவருடைய துயரத்தை மற்றவர்கள் அழகுபடுத்தாமல் உடனிருந்து தாங்குவது எப்படி என்பதை இதைக் கேட்டால் விளங்கும். குழுவின் வயலின், வயோலா கலைஞர்கள் சிலர் பின்னர் புரூக்ளின் ரைடர் என்ற நால்வர் குழுவாக இணைந்து கல்ஹோரோடு இதைத் தொடர்ந்து வாசித்தனர்.

எல்லைக் கட்டுப்பாடுகள் குழுவின் அன்றாடத்தை விட்டு என்றும் விலகியதில்லை. 2017 ஜனவரி 27-இல் ஈரான், சிரியா உள்ளிட்ட ஏழு நாட்டவர் அமெரிக்காவுக்குள் நுழையத் தடை விதிக்கும் ஆணை பிறந்தபோது, டமாஸ்கஸில் பிறந்து நியூயார்க்கில் வாழும் கிளாரினெட் கலைஞர் கினான் அஸ்மே கச்சேரிக்காக வெளிநாட்டில் இருந்தார்; தன் வீட்டுக்குத் திரும்ப முடியுமா என்பதே சில நாட்கள் உறுதியில்லாமல் இருந்தது. அடுத்த சில வாரங்களுக்குள், பிப்ரவரியில், குழுவின் ‘சிங் மீ ஹோம்’ தொகுப்புக்கு உலக இசைக்கான கிராமி விருது கிடைத்தது. வீட்டை நினைத்து ஏங்கும் பாடல்கள் அமைந்த அந்தத் தொகுப்பு அத்தகைய வேளையில் பரிசு பெற்றதை யாரும் தற்செயலாக மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

தலைமை மாறிய பின்

யோ-யோ மா 2017-இல் கலை இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகினார். குழுவின் மூவர் அப்பொறுப்பைச் சேர்ந்து வகித்த பின், 2020-இல் ரியானன் கிடன்ஸ் பொறுப்பேற்றார். அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினக் கலைஞரான அவர், ஆப்பிரிக்கரிடமிருந்து பிறந்த பாஞ்சோ என்ற நரம்புக்கருவி எப்படி வெள்ளையரின் கருவியாக மறுபெயர் பெற்றது என்பதைத் தன் மேடைகளிலேயே தொடர்ந்து எடுத்துரைத்தவர். ‘ஒமார்’ ஆபெராவுக்காக மைக்கேல் ஏபெல்ஸோடு 2023-இல் புலிட்சர் பரிசு பெற்றவர். மேலே சொன்ன அதிகாரம் பற்றிய விமரிசனத்துக்கு, சொல்லால் அல்லாமல் பொருளைத் தேர்ந்த விதத்தால் விடை தர முயன்றவராக இவரைப் பார்க்கிறேன். தொலைதூர ஆசியாவை நோக்கியிருந்த பார்வையை அவர் குழு நிற்கும் மண்ணை நோக்கித் திருப்பினார்.

2023-இல் மேடையேறத் தொடங்கிய ‘அமெரிக்கன் ரெயில்ரோட்’ அந்தத் திருப்பத்தின் விளைவு. 1869 மே 10-இல் யூட்டாவின் பிரமாண்டரி உச்சியில் கிழக்கும் மேற்கும் இணைந்த கண்டம் கடந்த இரயில்பாதையை மேற்கிலிருந்து பெரும்பாலும் சீனத் தொழிலாளரும், கிழக்கிலிருந்து அயர்லாந்தினர் உள்ளிட்ட பலரும் அமைத்தனர். பின்னாளைய பாதைகளில் ஜப்பானியர் உழைத்தனர். தெற்கில் குத்தகைக்கு விடப்பட்ட கறுப்பினக் கைதிகள் மலைகளைக் குடைந்தனர். இந்தப் பாதைகள் ஓடியது பூர்வகுடிகளின் நிலத்தில். பிப்பாவும் அயர்லாந்து, ஸ்காட்லாந்து மரபின் யாழும் ஜப்பானியத் தாளக்கருவிகளும் பாஞ்சோவும் ஒரே மேடையில் இருப்பதற்கு இங்கே வரலாறே காரணம் சொல்கிறது. அக்கருவிகளுக்குரிய மக்கள் ஒரே இருப்புப்பாதையில் உண்மையாகவே சந்தித்தவர்கள். வட கரோலினாவின் சுவனனோவா சுரங்கத்தை 1879-இல் முடித்த கைதிகளின் பாடலை கிடன்ஸ் பாடுகிறார்; சம்மட்டி இறங்கும் இடத்தில் மூச்சு வெளியேறும் அமைப்பு அந்தப் பாடலின் உள்ளேயே இருக்கிறது, அதற்குத் தாளக்கருவி கூடத் தேவையில்லை. ஹருக்கா ஃபுஜி, தண்டவாளத்தின் கீழ் சரளையை இடித்து இறுக்கும் ஜப்பானியத் தொழிலாளரின் பாட்டை எடுத்தாண்டார்.

ஆனால் இந்தத் திட்டத்தில் குழுவின் பழைய முறை முழுமையாகச் செல்லுபடியாகவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். முகாமுக்கு ஓர் அலீம் காசிமோவை வரவழைக்கலாம். சியாரா நெவாடா மலையில் வெடிமருந்து வைத்துப் பாறை பிளந்த சீனத் தொழிலாளரின் பாடலுக்கு யாரை வரவழைப்பது? பல்லாயிரக்கணக்கில் உழைத்த அவர்கள் தம் கையால் எழுதிய கடிதமோ நாட்குறிப்போ ஒன்றுகூட ஆராய்ச்சியாளர்களின் கைக்குக் கிட்டியதில்லை. அவர்கள் மாலையில் என்ன பாடினார்கள் என்பதற்கும் பதிவு இல்லை. வூ மான் இந்த இடத்தில் கிராமியப் பாடல் ஒன்றைக் கொண்டுவந்து அதுதான் தொழிலாளர் பாடியது என்று நிறுத்தவில்லை. தனிப் பிப்பாவுக்குப் புதிதாக ஒரு படைப்பைத் தன் பெயரிலேயே எழுதினார். பதிவு இருக்கும் சுவனனோவா பாடல் மரபுப் பாடலாகவும், பதிவு இல்லாத சீனத் தொழிலாளரின் இடம் இன்றைய கலைஞரின் இசையாகவும் ஒரே நிகழ்ச்சியில் தனித்தனியே நிற்கின்றன. அந்த வேறுபாட்டை மறைக்கக் குழு எந்த ஏற்பாட்டையும் செய்யவில்லை.